மேல்மாடிக்கு ஏறாத வெந்நீர் குறித்து

அனுப்புநர்:
ஷுக்ரான் அக்தெபே,
நோட்டரி அலுவலக எழுத்தர் (மகப்பேறு விடுப்பில்),
எண் 9, ஐந்தாம் மாடி, ஹுசூர் அடுக்ககம்,
காவாக்திபி குடியிருப்பு, எர்சுரூம்.

பெறுநர்:
வட்டார ஆட்சியர் அவர்கள்,
வட்டார ஆட்சியர் அலுவலகம், எர்சுரூம்.

பொருள்: அடுக்ககத்தின் வெந்நீர்க் குழாய்களில் காற்று அடைத்து அழுத்தம் குறைந்ததால் எங்கள் வீடு குளிர்ந்து கிடப்பது – குறைமாதக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து – அடுக்கக நிர்வாகி மீதும் பத்தாம் எண் வீட்டார் மீதும் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டுவது – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பல ஆண்டுகளாக நோட்டரி அலுவலகத்தில் அடுத்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவள். அதிகாரிகள் பொருள் வரியைப் படித்துவிட்டு நேராகக் கடைசிப் பத்திக்குத் தாவுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்லவில்லை, நானே அப்படித்தான் படிப்பேன். இந்த ஒரு மனுவை மட்டும் தாங்கள் நடுவிலும் படிக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்து சொல்ல முடியாத நிலை. பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியவில்லை, கட்டட வாசல் தாண்டக் கூடாது. தாண்டத் துணிந்தாலும் கைக்குழந்தையை வெளியே கொண்டுபோகும் குளிரா இது? என் கணவர் ரிஃபத் லாரி ஓட்டுநர். கணவாயில் பனி மூடி வண்டி அந்தப் பக்கம் நிற்கிறது. தினமும் தொலைபேசியில் "பாதை தொறந்துடும், தொறந்துடும்" என்கிறார். பாதை திறந்தபாடில்லை.

2. என் மகள் ஸும்ரா எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, பிறகு என்னிடம் கொடுத்தார்கள். கொடுக்கும்போது மருத்துவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அறை இருபத்துநாலு டிகிரிக்குக் கீழ போகக் கூடாது. இவளுக்குத் தானா உடம்பச் சூடா வெச்சுக்கத் தெரியாது. சாப்பிடுற பாலெல்லாம் குளிரோட சண்டை போடவே செலவாயிடும், எடை ஏறாது." ஐயா, சிறிய மின்சார அடுப்பை ஓயாமல் எரித்தும், இதை எழுதும் இந்த நேரத்தில் எங்கள் அறை பதின்மூன்று டிகிரி. குழந்தையை என் சட்டைக்குள் போட்டு, மேலே போர்வை சுற்றி, அதன்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும்.

3. எங்கள் அடுக்ககத்தைக் கட்டிய ஒப்பந்ததாரர் மேல்மாடி முழுவதையும் தன் குடும்பத்துக்கென்று ஒரே வீடாகக் கட்டினார். பிறகு கையில் காசு குறைந்ததும் நடுவில் ஒரு சுவரை எழுப்பி ஒன்பது, பத்து என்று இரண்டாக விற்றுவிட்டார். சுவர் மட்டும்தான் இரண்டாயிற்று. மின்சாரத் தடம் ஒன்றேதான். வெந்நீர்க் குழாயும் ஒன்றேதான். நிலவறையில் உள்ள பாய்லரிலிருந்து சூடான தண்ணீர் மேலேறி, பத்தாம் எண் வீட்டு ரேடியேட்டர்களைச் சுற்றி, அதன்பிறகு எங்கள் பக்கம் வந்து இறங்குகிறது. குழாய் எல்லாவற்றுக்கும் மேலாக உயர்ந்து வளையும் இடத்தில் காற்றை வெளியேற்றும் ஒரு திருகு இருக்கிறது. அந்தத் திருகு பத்தாம் எண் வீட்டின் படுக்கையறையில் மாட்டிக்கொண்டது. ஹுசூர் என்றால் நிம்மதி. அந்தப் பெயரை வைத்தவர் இந்த மாடியில் ஒரு குளிர்காலம் குடியிருந்து பார்த்திருக்க வேண்டும்.

4. முதல் பனி விழுந்தபோதே எங்கள் ரேடியேட்டர்களில் களகளவென்று சத்தம் கேட்டது. அடிப்பாகம் வெதுவெதுப்பாகவும் மேற்பாகம் சில்லென்றும் இருந்தது. காற்று அடைத்திருக்கிறது என்று இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். சின்னத் திறவுகோலை எடுத்து, தேநீர்க் கோப்பையைக் கீழே பிடித்துத் திருகினேன். உஸ்ஸென்று காற்று வந்தது, பிறகு கறுப்பாகத் தண்ணீர் வந்தது, மூடிவிட்டேன். இரண்டு நாள் சூடு. மறுபடி சில்லிப்பு. மறுபடி திருகினேன். இப்படியே கோப்பை கோப்பையாகத் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கோப்பைக்கும் கீழே அழுத்தம் குறைந்துகொண்டே போகிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒருநாள் திருகினால் காற்றும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரேடியேட்டர்கள் வெறும் இரும்பு.

5. சாதிக் உஸ்தா என்ற குழாய்க் கைவினைஞரை வரவழைத்தேன். அவர் ரேடியேட்டரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, நிலவறைக் கதவின் கம்பி இடுக்கு வழியாக அழுத்தமானியையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அம்மா, அஞ்சாவது மாடிக்குத் தண்ணி ஏறணும்னா கீழ முள்ளு ரெண்டுல நிக்கணும். இங்க ஒண்ணேகால்ல நிக்குது. கீழ் வீட்டுக்காரங்களுக்கு அது தாராளம், பக்கத்து வீட்டுக்கு அரையும் கொறையுமா ஏறுது, கடைசில இருக்கிற ஒங்களுக்குப் பத்தாது. கீழ தண்ணிக் குழாயத் தொறந்து முள்ள ஏத்தணும். ஏத்திட்டு, அந்தப் பக்கத்து வீட்டுத் திருகுல காத்த எடுக்கணும். எடுத்தா முள்ளு கொஞ்சம் எறங்கும், மறுபடி ஏத்தணும். அவ்வளவுதான் வேல, ஒரு டீ குடிக்கிற நேரம்." ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலைக்காகத்தான், ஐயா, தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

6. அடுக்கக நிர்வாகி முஸஃபர் பெய் முதல் மாடியில் இருக்கிறார். நான் படியிறங்கக் கூடாதென்பதால் தொலைபேசியில் கேட்டேன். "தங்கச்சி, என் வீட்ல ஜன்னலத் தொறந்து வெச்சிட்டு பனியனோட உக்காந்திருக்கேன். பாய்லர் பிரமாதமா ஓடுது" என்றார். எனக்கு எப்படி எரிந்திருக்கும் என்று பாருங்கள். தண்ணீர் நிரப்பும் குழாயைத் திறக்கச் சொன்னேன். போன ஆண்டு யாரோ அளவு தெரியாமல் ஏற்றி, பாதுகாப்பு வால்வு பிய்த்துக்கொண்டு நிலவறை முழுவதும் தண்ணீராகிவிட்டது. அன்றைக்கு எல்லோரும் அவரைத்தான் கரித்துக் கொட்டினார்கள், அது உண்மை. அதன்பிறகு அவர் அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றித் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, நிலவறைக் கதவையும் பூட்டிவிட்டார். "தண்ணிய ஏத்துனா துரு பிடிக்கும். மொதல்ல மேல காத்த எடுத்துட்டுச் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்" என்பது அவருடைய பதில். முதலில் ஏற்ற வேண்டும், பிறகுதான் எடுக்க வேண்டும் என்று உஸ்தா சொன்னதைச் சொன்னேன். "உஸ்தா நிர்வாகியா, நான் நிர்வாகியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

7. சரி, காற்றையாவது எடுக்க ஏற்பாடு செய்வோம் என்று பத்தாம் எண் வீட்டுத் தலைவி நெபஹத் ஹானிமிடம், அவர் கதவைத் தட்டிக் கேட்டேன். கதவைத் திறக்கவில்லை. அவர் மருமகள் குலிசாரும் என்னைப் போலவே பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள், அதே வாரத்தில், ஆண் குழந்தை. நாற்பது முடியாத இரண்டு தாய்மார் முகத்தோடு முகம் பார்த்தால் ஒருத்தியின் நாற்பது அடுத்தவளின் குழந்தையை அமுக்கிவிடும், குழந்தை தேறாமல் கரைந்துபோகும் என்று இந்தப் பக்கத்தில் நம்புவது தாங்கள் அறியாததல்ல. நான் வரவில்லை, உஸ்தாவை மட்டும் அனுப்புகிறேன் என்றேன். கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னார்: "ஒன் வீட்டு ரேடியேட்டரத் தொட்ட கையோட அவரு என் மருமக படுத்திருக்கிற ரூமுக்குள்ள வர்றதா? பொண்ணே, ஒன் மேல எனக்குக் கோவமில்ல. ஆனா நாப்பது முடியிற வரைக்கும் ஒன் வீட்டுக் காத்துகூட என் வாசலத் தாண்டக் கூடாது. இவளோட மொதப் புள்ளய மண்ணுல வெச்சது நான், நீ இல்ல."

8. அந்த முதல் குழந்தை மூன்றாம் வாரத்தில் போனது உண்மை. நாற்பது முடியாத யாரோ உறவுக்காரி அன்று வீட்டுக்கு வந்து போனதாகச் சொல்வார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அந்த நம்பிக்கை அறவே இல்லையென்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லமாட்டேன். ஆனாலும் இதற்கு நம் வழக்கத்திலேயே ஒரு மாற்று இருக்கிறது. இரண்டு தாய்மாரும் ஆளுக்கொரு ஊசியை மாற்றிக்கொண்டால் தோஷமில்லை. ஒரு ஊசியைக் காகிதத்தில் குத்தி அவர்கள் வாசலில் வைத்தேன். மறுநாள் அது அப்படியே என் வாசலுக்குத் திரும்பி வந்தது, பக்கத்தில் ஒரு குப்பி பேறுகாலச் சர்பத்தோடு. சர்பத் நன்றாகத்தான் இருந்தது, கிராம்பு தூக்கலாக. அதைக் குடித்துக்கொண்டே அழுதேன் என்பதை இந்த மனுவில் எழுதுவது முறையா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

9. ஆக, கீழே இருப்பவர் "மேலே எடுத்துவிட்டு வா" என்கிறார். மேலே இருப்பவர் "நாற்பது முடியட்டும்" என்கிறார். இருவரும் என்னைப் பந்தாடுகிறார்கள். செவிலியர் வந்து ஸும்ராவை நிறுத்துப் பார்த்தார். எடை ஏறவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், இல்லையென்றால் மறுபடி பெட்டிக்குத்தான் என்றார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐயா, பெட்டிக்குப் போனால் போகட்டும், ஆனால் அதுவரை தாங்குவாளா என்பதுதான் என் பயம். அவள் இப்போது சரியாக அழுவதுகூட இல்லை.

10. மேற்கண்டவை நேற்று எழுதியவை. கை விறைத்துப் போனதால் நிறுத்தியிருந்தேன். இன்று நிலைமை மாறிவிட்டது, மேலும் மோசமாக. மனுவை முதலிலிருந்து திருத்தி எழுதத் தாளும் இல்லை, தெம்பும் இல்லை. மாறியதை அப்படியே கீழே சேர்க்கிறேன்.

11. இன்று காலை மாமியார் ரொட்டி வாங்கக் கீழே போன நேரத்தில் குலிசார் கட்டிலைவிட்டு எழுந்து, தையல் கத்தரிக்கோலின் முனையால் அந்தத் திருகைத் தானே திறந்துவிட்டாள். எங்களுக்காகத்தான் திறந்தாள். ஏன் செய்தாள் என்று பிற்பாடு அவளே சொன்னாள்: "அக்கா, ஒங்க புள்ள அழுதுக்கிட்டிருந்த வரைக்கும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. ரெண்டு நாளா செவுத்துக்கு அந்தப் பக்கம் சத்தமே வரல. மொதப் புள்ளயும் இப்படித்தான் சத்தமில்லாம இருந்துச்சு. அதான் பயந்துட்டேன்." உஸ்தா சொன்ன வரிசை அவளுக்கு எப்படித் தெரியும்? தேநீர்க் கோப்பையைக் கீழே பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். ஒரு சொட்டு விழவில்லை. கீழே அழுத்தம் இல்லாதபோது மேலே திறந்தால் காற்று வெளியே வராது, உள்ளே போகும். திருகு மூச்சை உள்ளே இழுத்த மாதிரி சத்தம் போட்டதாம். காற்று போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்து அவள் மூடாமல் வெகுநேரம் விட்டுவிட்டாள். மதியத்துக்குள் பத்தாம் எண் வீட்டு ரேடியேட்டர்களும் செத்துப் போயின.

12. நெபஹத் ஹானிம் போட்ட சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. "ஒரு வீட்டுக் குளிர ரெண்டு வீட்டுக்கும் கூட்டியாந்துட்டியே, பாவி மகளே!" என்றார். பிறகு அவர்கள் மின்சார அடுப்பைப் போட்டார்கள். எங்கள் வீட்டிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரு தடம் தாங்காது, மாடி முழுவதும் இருண்டது. ஃபியூஸைப் போட்டு மறுபடி முயன்றார்கள், மறுபடி இருண்டது. இந்த மாடியில் ஒரே ஒரு அடுப்புத்தான் எரிய முடியும், ஐயா. எந்த வீட்டில் எரிவது? எந்தக் குழந்தைக்கு? நான் என் அடுப்பை அணைக்கவில்லை. அணைத்திருக்க வேண்டுமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன், அப்போதும் அணைக்கவில்லை.

13. சற்று நேரத்தில் என் கதவு தட்டப்பட்டது. நெபஹத் ஹானிம் நின்றார், உள்ளங்கையில் ஒரு ஊசி. பின்னால் தலையில் பிள்ளை பெற்றவர்கள் கட்டும் சிவப்பு நாடாவோடு குலிசார், மார்பில் குழந்தை. "ஊசிய வாங்கிக்க, ஒன்னோடதக் குடு. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்க" என்றார் நெபஹத் ஹானிம். நான் என் பாவாடை ஓரத்தில் குத்தியிருந்த ஊசியை எடுக்க முயன்றேன், விரல் மரத்துப்போய் அது வரவே மாட்டேன் என்றது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் பேரனின் உதடு நீலமாக இருந்தது. "சரி சரி, திருப்பாட்டியும் போவுது" என்று என்னைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். "அடுப்பு எங்க இருக்கு? வழி விடு பொண்ணே, புள்ள நடுங்குது."

14. இப்போது நாங்கள் மூவரும் இரண்டு குழந்தைகளோடு என் சமையலறையில் ஒரே போர்வைக்குள் இருக்கிறோம். பார்க்கவே கூடாத நானும் குலிசாரும் முழங்காலும் முழங்காலும் இடிக்க உட்கார்ந்திருக்கிறோம். என் பால் குறைந்துவிட்டது. அவளுக்கு நிறைய. சற்று முன் அவள் என்னைக் கேட்காமலேயே ஸும்ராவை வாங்கிப் பாலூட்டினாள். நெபஹத் ஹானிம் அதைப் பார்த்தார், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ ஓதினார். தடுக்கவில்லை. சமையலறை பதினைந்து டிகிரி. ஐந்து பேரின் மூச்சையும் சேர்த்து.

15. இதற்கிடையில் நெபஹத் ஹானிமே கீழே போய் முஸஃபர் பெய்யிடம் கேட்டுப் பார்த்தார். காற்றை எடுத்துவிட்டு வரச் சொன்னீர்களே, திருகைத் திறந்தாயிற்று, இனி தண்ணீரை ஏற்றுங்கள் என்றார். "யாரக் கேட்டுத் தொறந்தீங்க? இப்ப ஏதாச்சும் வெடிச்சா யாரு பதில் சொல்றது? குடியிருப்போர் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் இனிமே அந்தக் குழாயத் தொடுவேன். கூட்டம் மாசக் கடைசில" என்று சொல்லிவிட்டாராம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. போன ஆண்டு பட்ட அவமானம் அவரை விடவில்லை. ஆனால் அவருடைய பயத்துக்கு அவர் கைப்பிடியைப் பூட்டி வைத்திருக்கிறார், எங்கள் பயத்துக்கு நாங்கள் எதைப் பூட்டுவது? மற்ற மாடிக்காரர்கள் சூடாக இருக்கிறார்கள். கேட்டால் உச்சுக்கொட்டுகிறார்கள், கதவை மூடிக்கொள்கிறார்கள்.

16. மேலே ஏழாம் பத்தியையும் எட்டாம் பத்தியையும் நெபஹத் ஹானிமுக்கு நானே படித்துக் காட்டினேன், காட்டாமல் இருப்பது நியாயமில்லை என்று. அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு அடிக்கிற? நான் சொன்னதத்தான எழுதியிருக்க. இருக்கட்டும். சர்பத்துல கிராம்பு அதிகம்னு எழுதியிருக்க பாரு, அத மட்டும் அடி" என்றார். அடிக்கவில்லை. ஆனால் பொருள் வரியில் "பத்தாம் எண் வீட்டார் மீதும்" என்று உள்ள சொற்களை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவற்றை இல்லாதவையாகக் கருதுமாறு வேண்டுகிறேன்.

17. ஆகவே ஐயா, நாங்கள் கேட்பது இவ்வளவுதான். தண்ணீர் நிரப்பும் குழாயின் கைப்பிடியை இன்றே மாட்டித் திறக்குமாறு நிர்வாகிக்கு உத்தரவிட வேண்டும். சாதிக் உஸ்தா கீழே முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மேலே திருகுக்குக் குலிசாரே கோப்பை பிடிப்பாள், இந்த முறை சரியான வரிசையில். ஏதாவது வெடித்தால், ஒழுகினால், துருப்பிடித்தால் அந்தப் பொறுப்பு எங்கள் மூவருடையது. அதை எழுத்திலேயே தருகிறோம். இதற்கு ஆய்வு, அறிக்கை, விசாரணை எதுவும் வேண்டாம், அவையெல்லாம் எவ்வளவு நாள் எடுக்கும் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. தனி உத்தரவு தட்டச்சு செய்ய ஆளில்லையென்றால் இந்த மனுவின் ஓரத்திலேயே "திறக்கவும்" என்று ஒரே ஒரு சொல் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். அதற்கென்றே இடதுபக்கம் அகலமாக இடம் விட்டு எழுதியிருக்கிறேன்.

18. நானும் குலிசாரும் கட்டட வாசல் தாண்ட முடியாது. ஆகையால் இந்த மனுவைத் தங்களிடம் கொண்டுவருபவர் நெபஹத் ஹானிமே. ஏழாம் பத்தியில் புகார் சொல்லப்பட்டவர். அவருக்கு முழங்கால் வலி, பனியில் நடந்துதான் வருவார். பதிவு எண் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். அனுப்பினாலும் போகமாட்டார். தங்கள் அறை வாசலிலேயே நிற்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் காலணி மாட்டிக்கொண்டிருக்கிறார். அவர் திரும்பி வரும் வரைக்கும் இந்த இரண்டு குழந்தைகளையும் நாங்கள் மாற்றி மாற்றி மார்பில் வைத்துக்கொண்டிருப்போம்.

தங்கள் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும்,

ஷுக்ரான் அக்தெபே (எண் 9)

குலிசார் தெமிர்கான் (எண் 10)

நெபஹத் தெமிர்கான் (எண் 10 – எதிர்மனுதாரராக இருந்தவர்)

இடம்: எர்சுரூம்
நாள்: ஜனவரி 17, பிற்பகல்